தண்ணியில தேடின புரதம்

எனக்கு வாய் ஜாஸ்தி. நானே சொல்லிடறேன், இல்லைன்னா எங்க வீட்டுக்காரர் வந்து சொல்லிடுவார். "உனக்குக் கோவம் வந்தா முதல்ல வாய் வரும், அடுத்து கை வரும், மூளை கடைசி பஸ்ஸுலதான் வரும்"பார். பஸ் டிப்போவுல டைம் கீப்பர் அவர். எதைச் சொன்னாலும் பஸ்ஸை இழுக்காம சொல்ல மாட்டார். ஆய்வகத்துல என் முதுகுக்குப் பின்னாடி எனக்கு 'வெடி'ன்னு பேர். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, பாவம். அந்தப் பேர்ல எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்துச்சு. இப்ப இல்லை.

நாங்க செல் வளர்க்கறவங்க. ரத்தம் உறையாத வியாதியோட பொறக்கற குழந்தைங்களுக்கு ஊசியில போடற புரதம் ஒண்ணு இருக்கு. செல்லை வச்சே அதைச் செய்ய வைக்கறதுதான் வேலை. அந்தப் புரதத்துக்கான ஜீனை எழுதி செல்லுக்குள்ள விடுவோம். செல் அதைப் படிச்சு, புரதத்தைச் செஞ்சு, தன்னைச் சுத்தி இருக்கற மீடியத்துல விடணும். மீடியம்னா செல்லோட சாப்பாட்டுத் தண்ணி, வெளிர் சிவப்பா இருக்கும். அஞ்சு நாள் கழிச்சு மொத்தத்தையும் வேகமா சுத்தற மெஷின்ல வச்சா, செல்லெல்லாம் அடியில வெள்ளையா ஒட்டிக்கும். மேல தெளிஞ்சு நிக்கற மீடியத்துலதான் புரதம் இருக்கும். மீடியத்தை எடுத்து வச்சுக்குவோம். செல்லை பிளீச் ஊத்தின பக்கெட்டுல கொட்டிடுவோம். அதான் வழக்கம். யாரும் யோசிக்கறது கிடையாது.

நாலு தடவை வளர்த்தேன். நாலு தடவையும் மீடியத்துல ஒண்ணுமே இல்லை. கொஞ்சமா இருக்கு, கம்மியா இருக்குன்னா பரவாயில்லை. சுத்தமா இல்லை. மூணு மாசம் போச்சு. எங்க தலைவர், நாங்க 'பெருசு'ன்னு கூப்பிடறவர், தினமும் கதவுல சாஞ்சு நின்னு "என்னம்மா, இன்னைக்காவது?"ன்னு கேப்பார். நல்ல மனுஷன், ஆனா பயந்த சுபாவம். அவருக்கும் மேல இருந்து குடைச்சல். எனக்கு ஒவ்வொரு தடவையும் மூக்கறுபட்ட மாதிரி இருக்கும்.

ஜீனை எழுதினது நான். இருபத்திரெண்டு வருஷ அனுபவம் எனக்கு. அதுல தப்பு வரும்னு எனக்குத் தோணவே இல்லை. அப்ப வேற எதுலயோதான் தப்பு. எதுலன்னு தேடினப்போ என் கண்ணு போய் நின்ன இடம் கழுவற ரூம்.

எங்க இடத்துல பிளாஸ்டிக்கை ஒரு தடவை உபயோகிச்சுட்டுத் தூக்கிப் போடற வசதியெல்லாம் இல்லை. கண்ணாடி பாட்டில்தான், கழுவிக் கழுவித் திரும்ப எடுப்போம். கழுவறது பாட்டில் அக்கா. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. என்னைவிட பத்து வயசாவது மூத்தவங்க. பதினொரு வருஷமா தற்காலிக வேலை. அடுத்த மாசம் நிரந்தரம் ஆகப்போகுதுன்னு பேப்பர் மேல போயிருந்துச்சு. அந்தச் சந்தோஷத்தை அவங்க மூணு மாசமா ஒவ்வொருத்தர்கிட்டயும் புதுசா சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டு இருந்தாங்க. என்னை 'டாக்டரம்மா'ம்பாங்க. நான் ஊசி போடற டாக்டர் இல்லைக்கா, வேறன்னு எத்தனை தடவை சொன்னாலும், முட்டி வலிக்கு மாத்திரை கேட்டு என்கிட்டதான் வருவாங்க.

பாட்டிலுக்குள்ள சோப்பு ஒரு துளி மிஞ்சினாலும் செல் செத்துடும். அதனால சோப்பு போட்டுத் தேய்ச்சப்புறம் குழாய்த் தண்ணியில ஏழு தடவை, வடிச்ச தண்ணியில மூணு தடவை, மொத்தம் பத்து தடவை அலசணும். இது விதி. அக்கா இதுக்கு ஒரு முறை வச்சிருந்தாங்க. இடது மணிக்கட்டுல பத்து ரப்பர் பேண்ட். ஒரு தடவை அலசினா ஒண்ணை உருவி வலது கைக்கு மாத்துவாங்க. பத்தும் வலது கைக்கு வந்துட்டா அந்த பாட்டில் முடிஞ்சுது. அடுத்த பாட்டிலுக்கு வலது கையிலிருந்து இடது கைக்கு. பக்கத்துல நின்னு யார் பேசினாலும் எண்ணிக்கை தப்பாதாம். "வாய் பேசும், கை எண்ணும் டாக்டரம்மா"ன்னு ஒரு நாள் காட்டினாங்க. நான் சிரிச்சேன். நல்ல சிரிப்பு இல்லை அது.

ஒரு திங்கக்கிழமை காலையில நாலாவது தடவையும் பூஜ்யம்னு தெரிஞ்சுது. நேரா கழுவற ரூமுக்குப் போனேன். அங்க டீக்கு வந்த ஆளுங்க அஞ்சு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அக்கா அவங்ககிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே பாட்டில் அலசிக்கிட்டு இருந்தாங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள்ள என்னமோ அறுந்துச்சு.

"சிரிச்சுக்கிட்டே கழுவு! உன் சோப்புத் தண்ணியில என் மூணு மாச உழைப்பு செத்துக் கிடக்குது!"

அக்கா திரும்பினாங்க. முகத்துல சிரிப்பு இன்னும் போகலை. "என்ன டாக்டரம்மா?"

"பத்து வரைக்கும் எண்ணத் தெரியுமா உனக்கு? ரப்பர் பேண்ட் மாட்டிக்கிட்டா ஆச்சா? பொம்மை விளையாட்டா இது? வாயை மூடிக்கிட்டு வேலையைப் பார்த்திருந்தா எண்ணிக்கை வந்திருக்கும்!"

'நீ'ன்னுதான் சொன்னேன். 'உனக்கு'ன்னுதான் சொன்னேன். பதினொரு வருஷமா வாங்கக்கா போங்கக்கான்னு பேசின வாய். அக்கா குழாயை மூடினாங்க. கையில இருந்த பாட்டிலை மெதுவா தட்டுல கவுத்தி வச்சாங்க. அப்பவும் மறக்காம ஒரு ரப்பர் பேண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாத்தினாங்க. நான் அதையும் பார்த்துட்டு, "ஆமா, நாடகம்!"ன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்.

அதோட விட்டேனா? பெருசுகிட்ட எழுத்துல குடுத்தேன். பாட்டில்ல சோப்பு மிஞ்சறதுதான் காரணம்னு. அவருக்கும் ஒரு காரணம் கிடைச்சா போதும்னு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை விசாரணைன்னு சொல்லிட்டார். அதுவரைக்கும் அக்காவைக் கீழ்த்தளத்துல ஸ்டோர் ரூமுக்கு மாத்தினாங்க, அலமாரி துடைக்க.

சாயங்காலம் வீட்டுல பாத்திரத்தை நான் வச்ச சத்தத்தைக் கேட்டே வீட்டுக்காரர் கண்டுபிடிச்சுட்டார். "இன்னைக்கு யார் மேல ஏறின?"ன்னார். சொன்னேன். "சோப்புதான்னு பார்த்தியா?"ன்னு கேட்டார். "உங்களுக்கு என்ன தெரியும்?"ன்னு அவர் மேலயும் விழுந்தேன். அவர் ரெண்டு கையையும் தூக்கி சரண்டர் ஆயிட்டார். ஆனா கேள்வி மட்டும் முள்ளு மாதிரி நின்னுடுச்சு. சோப்புதான்னு நான் பார்க்கலை. சரி, பார்த்துடறேன், கண்ணு முன்னாடி நிரூபிச்சுக் காட்டறேன்னு முடிவு பண்ணேன்.

அந்த நாலாவது தடவை செல்லை நான் இன்னும் பிளீச்சுல கொட்டலை. கோவத்துல மறந்து ஐஸ் பெட்டியிலயே விட்டிருந்தேன். அதை எடுத்து உடைச்சு, உள்ள இருக்கற புரதத்தையெல்லாம் ஜெல்லுங்கற மெல்லிசான கூழ்த் தகட்டுல ஓட்டினா, செல் சோப்புல நொந்துபோய் வேலையே செய்யலைன்னு தெரிஞ்சுடும். புரதங்க அளவு வாரியா ஜெல்ல இறங்கும். பெரிய புரதம் மேல நிக்கும், சின்னது கீழ போகும். நீலச் சாயம் போட்டு, மிச்சச் சாயத்தைக் கழுவி எடுத்தா கோடு கோடா தெரியும். என் செல்லு ஒரு வரிசை, ஜீன் விடாத சாதா செல்லு பக்கத்து வரிசை, மூணாவதா ஒப்பிட்டுப் பார்க்க வாங்கி வச்சிருந்த அசல் புரதம். விசாரணையில தூக்கிக் காட்ட வேண்டியது. அப்படி ஒரு ஆசையோட பண்ணேன், பொய் சொல்லலை.

புதன்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு ஜெல்லை விளக்குப் பலகை மேல வச்சேன்.

என் செல்லு வரிசையில, பென்சிலால அழுத்திக் கோடு போட்ட மாதிரி ஒரு பட்டை. அவ்வளவு தடிமனா நான் எந்த ஜெல்லயும் பார்த்தது கிடையாது. சாதா செல்லுல அது இல்லை. அசல் புரதத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, ஆனா ஒரு நூல் கீழ.

முதல் அரை நொடி எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. வந்துடுச்சு! செல் செஞ்சிருக்கு! அடுத்த அரை நொடியில அந்த 'ஒரு நூல் கீழ' உறைச்சுது. வெளிய போற புரதத்துக்கு, அது போற வழியில செல் சர்க்கரை ஒட்டி அனுப்பும். அந்தக் கனம் இதுக்கு இல்லை. அப்படின்னா இது அந்த வழிக்கே போகலை. செஞ்ச இடத்துலயே குவிஞ்சு கிடக்குது.

கம்ப்யூட்டரைத் திறந்து நான் எழுதின ஜீனைப் பார்த்தேன். முதல் வரியிலயே இருந்துச்சு. இருந்துச்சுன்னு சொல்லக் கூடாது, இல்லாம இருந்துச்சு. மூணு மாசம் முன்னாடி நானே, என் கையாலயே விட்டிருந்தேன். என்னன்னு அப்புறம் சொல்றேன், அக்காகிட்ட சொன்ன மாதிரியே.

அப்ப எனக்கு முதல்ல தோணினது என்ன தெரியுமா? அக்கா இல்லை. இந்த ஜெல்லை வேற யாராவது பார்த்தாங்களா, அதான் தோணுச்சு. திருடி மாதிரி சுத்தியும் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து பெருசு கதவுல சாஞ்சார். "என்னம்மா, ஆதாரம் கிடைச்சுதா?"

ஜெல் மேல ஒரு பேப்பரை இழுத்துப் போட்டேன். "சாயம் இன்னும் போகலை சார். நாளைக்குப் பார்க்கலாம்."

சாயமெல்லாம் போய் ஜெல் பளிச்சுனு இருந்துச்சு. அவர் தலையாட்டிட்டுப் போயிட்டார். நான் ஜெல்லை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் ஏதேதோ கேட்டார். தலைவலின்னு சொல்லிட்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டேன். சீன்னு இருந்துச்சு. என் உடம்பே எனக்குப் பிடிக்கலை.

வியாழக்கிழமை காலையில கீழ்த்தளத்துக்குப் போனேன். எப்படிச் சொல்றதுன்னு படியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கிட்டே போனேன். ஸ்டோர் ரூம்ல அக்கா ஏணி மேல நின்னு மேல் தட்டைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் அவசரமா இறங்கி, சேலையில கையைத் துடைச்சுக்கிட்டு நின்னாங்க. வாத்தியார் முன்னாடி நிக்கற மாதிரி. அந்த நிலைமையைப் பார்த்ததுமே ஒத்திகை மறந்து போச்சு.

"வாங்க டாக்டரம்மா. நானே மேல வந்து சொல்லணும்னு இருந்தேன். எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னத்த?"

"தப்பு என்னோடதுதான்னு. ஆபீஸ்ல சொன்னாங்க, ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா வேலையை விட்டு எடுக்க மாட்டோம், நிரந்தரம் மட்டும் கிடைக்காது, இங்கயே துடைச்சுக்கிட்டு இருக்கலாம்னு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம். அஞ்சு மணி இருக்கும்."

மூணு மணிக்கு ஜெல் என் கையில இருந்துச்சு. ரெண்டு மணி நேரம். பெருசு கதவுல சாஞ்சு நின்னப்போ வாயைத் திறந்திருந்தா இந்தக் கையெழுத்து விழுந்திருக்காது. ஊரையே திட்டற வாய் இதுக்கு மட்டும் திறக்கலை.

"ஏன்க்கா போட்டீங்க? நீங்கதான் சரியா கழுவினீங்களே!"

"அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அக்கா தன் மணிக்கட்டைப் பார்த்துக்கிட்டாங்க. வெறும் கை. "ஆனா நீங்க படிச்சவங்க, பொய்யா சொல்வீங்க? யோசிச்சு யோசிச்சுப் பார்த்தா எனக்கே சந்தேகமாயிடுச்சு. பேச்சு சுவாரசியத்துல ரெண்டை ஒண்ணா மாத்தியிருப்பேனோ, மாத்தினதைத் திரும்ப மாத்தியிருப்பேனோன்னு. இப்ப வீட்டுல எங்க வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைக்கூட பத்து தடவை அலசறேன். தண்ணி தீர்ந்துடும்னு அவர் சத்தம் போடறார்."

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. பாட்டில்ல சோப்பு இல்லை. தப்பு என்னுது."

அக்கா சிரிச்சாங்க. ஆறுதலா, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கற மாதிரி. "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. கோவக்காரங்களுக்கு மனசு தங்கம்னு எனக்குத் தெரியும். விடுங்க."

என்னை ஓங்கி அறைஞ்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. நான் அவங்க கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மேல வந்தேன். டிராயரைத் திறந்து ஜெல்லை விளக்கு மேல வச்சேன். என் நாற்காலியில அவங்களை உக்கார வச்சேன். உக்கார மாட்டேன்னாங்க, தோளை அழுத்தி உக்கார வச்சேன்.

"செல்லுக்கு நடுவுல உட்கரு இருக்குக்கா. எல்லாப் புரதத்தையும் எப்படிச் செய்யணும்னு எழுதின புத்தகம் அதுக்குள்ள இருக்கு. அந்தப் புத்தகம் வெளிய வராது. தேவைப்பட்ட பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வெளிய அனுப்பும். வெளிய ரைபோசோம்னு ஒண்ணு லட்சக்கணக்குல இருக்கு. அது நகலைப் பிடிச்சு மூணு மூணு எழுத்தாப் படிக்கும். ஒவ்வொரு மூணு எழுத்துக்கும் ஒரு அமினோ அமிலம். ஒண்ணோட ஒண்ணைக் கோத்துக்கிட்டே போகும், மணி கோக்கற மாதிரி. அந்தச் சங்கிலிதான் புரதம்."

"இவ்வளவு வேலை நடக்குதா உள்ள? நான் என்னமோ சும்மா ஊறிக்கிட்டு இருக்குதுன்னு நெனச்சேன்."

"வெளிய போகவேண்டிய புரதத்துக்கு, சங்கிலியோட முதல் இருபது முப்பது மணி தனி. சிக்னல் துண்டுன்னு சொல்வோம். 'என்னை வெளிய அனுப்பு'ன்னு எழுதின சீட்டு மாதிரி. அது தலையை நீட்டினதுமே, ரைபோசோமை அப்படியே இழுத்துக்கிட்டுப் போய் ஒரு மடிப்பு அறையோட சுவத்துல ஒட்ட வச்சுடும். எண்டோபிளாச வலைன்னு பேர். சங்கிலி ஓட்டை வழியா அறைக்குள்ள இறங்கும். அங்க ஒழுங்கா மடிச்சு, சர்க்கரை ஒட்டி, பக்கத்துல கோல்கைன்னு ஒரு இடத்துக்கு அனுப்பும். கோல்கை அதைச் சரிபார்த்து, பையில கட்டி, வெளிய தள்ளிவிடும்."

"சீட்டு?"

"அறைக்குள்ள நுழைஞ்சதுமே சீட்டை வெட்டிப் போட்டுடும். வேலை முடிஞ்சுதே. அதனால வெளிய வந்த புரதத்துல அந்தச் சீட்டு இருக்காது." மீதியை ஒரே மூச்சுல சொன்னேன். "நான் வெளிய வந்த புரதத்தைப் பார்த்து ஜீனை எழுதிட்டேன்க்கா. அதுல சீட்டு இல்லை, அதனால நானும் எழுதலை. நான் பார்த்து எழுதின குறிப்புல அடுத்த பக்கத்துலயே சீட்டோட முழுசா இருந்துச்சு, புரட்டிப் பார்க்கலை. எல்லாம் தெரியும்னு திமிரு. செல் பாவம், நான் எழுதினதை எழுதின மாதிரியே செஞ்சு குவிச்சிருக்கு. இதோ, இந்தப் பட்டைதான். அனுப்பச் சொல்லி யாரும் சொல்லலை, அதனால உள்ளயே வச்சிருந்துச்சு. உங்க பாட்டில்ல ஒரு குறையும் இல்லை. சோப்பு இருந்தா செல் இப்படிச் செஞ்சிருக்குமா?"

அக்கா குனிஞ்சு அந்த நீலப் பட்டையைப் பார்த்தாங்க. புரிஞ்சுதான்னு எனக்குத் தெரியலை.

"அப்ப நாலு தடவையும் உள்ளதான் இருந்துச்சா?"

"ஆமா."

"முதல் மூணு தடவை நீங்க அந்தச் செல்லை என்ன பண்ணீங்க?"

"பிளீச் பக்கெட்டுல கொட்டிட்டேன்."

"அந்த பக்கெட்டை நான்தானே கழுவினேன்"ன்னாங்க அக்கா.

திட்டற குரல் இல்லை. கணக்கு ஒத்துப்போச்சான்னு பார்க்கற குரல். என்னால தலையைத் தூக்க முடியலை. நாங்க தேடின புரதத்தை மூணு தடவையும் அவங்கதான் சாக்கடையில ஊத்திவிட்டு, பக்கெட்டைப் பளபளன்னு கழுவிக் கவுத்தி வச்சிருக்காங்க. அதையும் பத்து தடவை அலசியிருப்பாங்க.

நேரா பெருசு ரூமுக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன், புதன்கிழமை சொன்ன சாயப் பொய்யையும் சேர்த்து. அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்தம்மாதான் எழுதிக் குடுத்துட்டாங்களே. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீ அமைதியா ஜீனைத் திருத்திடு. ரெண்டையும் எதுக்கும்மா முடிச்சுப் போடற? உன் பேர் என்ன ஆகறது, இந்த இடத்துப் பேர் என்ன ஆகறது?"

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அது எனக்கு இதமா இருந்துச்சு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, வீட்டுக்காரர்கிட்டகூட. அக்கா இன்னும் என் நாற்காலியில உக்கார்ந்திருக்காங்க, நான் இங்க தப்பிக்கற வழியைக் காது குடுத்துக் கேட்டுக்கிட்டு நிக்கறேன். அப்புறம், "நாளைக்கு விசாரணையில நானே சொல்றேன் சார்"னு சொன்னேன். குரல் எனக்கே கேக்கலை. திரும்பச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மூணு பேர் உக்கார்ந்திருந்தாங்க. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். அதுல ஒருத்தர், வேற பிரிவு, என்னைவிட சின்னவர், மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்: "சிக்னல் துண்டு இல்லாமலா? இது காலேஜ் பசங்க பண்ற தப்பாச்சே மேடம்." ஆமான்னேன். காது மடல் எரிஞ்சுது. வேற எந்த நாளா இருந்தாலும், அவருக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராதபடி ஏதாவது சொல்லியிருப்பேன். நின்னு கேட்டுக்கிட்டேன்.

அக்கா கையெழுத்துப் போட்ட பேப்பரைக் கிழிச்சுடுங்கன்னு கேட்டேன். ஆபீஸ் கிளார்க் முடியாதுன்னுட்டார். கோப்புல ஒரு தடவை ஏறினதைக் கிழிக்கக் கூடாதாம், வேணும்னா மேல இன்னொண்ணு வைக்கலாமாம். அங்கயே உக்கார்ந்து எழுதினேன். தப்பு முழுக்க என்னுது, பாட்டில்கள் சுத்தமா இருந்துச்சுன்னு. அதை மேல வச்சுக் கட்டினார். அடியில அக்கா பேப்பர் அப்படியே இருக்குது.

திங்கக்கிழமை அக்கா கழுவற ரூமுக்குத் திரும்பினாங்க. டீ நேரம் பார்த்துப் போனேன். அதே அஞ்சு பேரும் இருக்கணும்னு காத்திருந்து போனேன். "போன வாரம் நான் பேசினது எல்லாமே தப்பு. அக்கா சரியாத்தான் கழுவினாங்க. மன்னிச்சுக்குங்கக்கா"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அக்காவுக்குத்தான் வெக்கமாயிடுச்சு. "அய்யோ, எதுக்கு இதெல்லாம், போங்க டாக்டரம்மா"ன்னு சோப்பு நுரையோட கையை ஆட்டினாங்க. முழங்கை வரைக்கும் நுரை. அஞ்சு பேர்ல ஒருத்தர் எனக்கு டீ நீட்டினார். வாங்கிக் குடிச்சேன்.

நிரந்தர ஆணை ரெண்டு மாசம் தள்ளி வந்துச்சு. வந்துடுச்சு, அது போதும்னு நெனச்சேன்.

ஜீனைத் திருத்தி, சிக்னல் துண்டு சேர்த்து, மறுபடி செல்லுல விட்டு, வளர்த்தேன். மூணு மாசம் கழிச்சு ஒரு காலை, மீடியத்தை ஜெல்ல ஓட்டினா பட்டை நின்னுச்சு, அசல் புரதத்துக்கு நேரா, ஒரு நூல்கூட ஏற இறங்க இல்லாம. பெருசு கதவுல சாயாம உள்ளயே வந்து கை தட்டினார். எனக்கு அங்க நிக்கத் தோணலை. அக்கா கழுவின பாட்டில்ல வந்த புரதம். அவங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு ஜெல்லைத் தட்டோட தூக்கிக்கிட்டு ஓடினேன்.

அக்கா குழாய் முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தாங்க. ரூம்ல வேற யாரும் இல்லை. பேச்சும் இல்லை. நான் கத்தின அந்தத் திங்கக்கிழமைக்கு அப்புறம் அவங்க கழுவும்போது யார்கூடவும் பேசறதில்லைன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இடது கையில ரப்பர் பேண்ட் முழங்கைக்குப் பாதி தூரம் வரைக்கும் ஏறியிருந்துச்சு. எண்ணிப் பார்த்தேன். ரெண்டு கையிலயும் சேர்த்து இருபது.

"என்னக்கா இது? பத்துதானே?"

அவங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி கையில இருந்த தண்ணியைக் கொட்டிட்டு, ஒண்ணை மாத்திட்டு, அப்புறம்தான் என்னைப் பார்த்தாங்க.

"முதல் பத்து, அலசறதுக்கு. அடுத்த பத்து, முதல் பத்தை ஒழுங்கா எண்ணினேனான்னு சந்தேகம் வருமே, அதுக்கு." கொஞ்சம் கூச்சத்தோட சிரிச்சாங்க. "நீங்க அன்னைக்கு அவ்வளவு விளக்கமா சொன்னீங்க. எனக்குப் புரியாம இல்லை டாக்டரம்மா. கைக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரமாட்டேங்குது."

ஜெல்லை நீட்டிக் காட்டினேன். "வந்துடுச்சுக்கா. உங்க பாட்டில்லதான்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்"னு எட்டிப் பார்த்தாங்க. உண்மையான சந்தோஷம்தான், முகத்துல தெரிஞ்சுது. அப்புறம் திரும்பி அதே பாட்டில்ல தண்ணி பிடிச்சாங்க. குலுக்கிக் கொட்டினாங்க. பதினொண்ணாவது ரப்பர் பேண்டை உருவி வலது கைக்கு மாத்தினாங்க. நான் ஜெல் தட்டைப் பிடிச்சுக்கிட்டு, இருபது முடியற வரைக்கும் அங்கயே நின்னேன்.